ஏனோக்கு எந்தப் பக்கம்?

பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவர்கள் அந்தப் பெயரை ஒரு தடவை பள்ளிக்கூடத்துப் பையன்களின் வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். ஏனோக்கின் அப்பா பார்க்கவில்லை. முதல் வகுப்பு வாத்தியார் பெயர் கூப்பிடும்போது "ஏனோ... ஏனோ..." என்று இரண்டு தரம் இடறிவிட்டு, "என்னடா இது, ஏனோதானோன்னு ஒரு பேரு?" என்று கேட்டார். வகுப்பே உருண்டு சிரித்தது. அன்றைக்குப் பிடித்தது, தலை நரைத்த பிறகும் விடவில்லை. இன்றைக்கும் கட்டட வேலை நடக்கிற இடத்தில் போய் ஏனோக்கு எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பூச்சு வேலை ஏனோதானோ எங்கே என்று கேட்டால், சாரத்தின் மேலிருந்து ஒரு கை ஆடும்.

வேலையில் அவர் ஏனோதானோ இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அவர் பூசிய சுவரில் கன்னத்தை வைத்துத் தூங்கலாம் என்பார், பல ஊர்களில் கட்டடம் எடுத்து அவரை வேலைக்கு வைத்துக்கொண்ட மேஸ்திரி. அடுத்த மூச்சிலேயே ஒரு 'ஆனா' போடுவார். "ஆனா இவனை நம்பி ஒரு மாடியை ஒப்படைக்க முடியாதுய்யா. காலையில வந்து பார்த்தா சாரம் இருக்கும், கலவை இருக்கும், ஆள் இருக்க மாட்டான். விசாரிச்சா ஊரையே காலி பண்ணிட்டான்னு சொல்லுவாங்க."

பொய்யில்லை. ஓர் இடத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளாது. கல்யாணமான நாள் முதல் எத்தனை வாடகை வீடு, எத்தனை ஊர் என்று அவர் மனைவி எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். அவள் தையல்காரி. வண்டியில் அவளுடைய தையல் மிஷின்தான் கடைசியாக ஏறும், முதலில் இறங்கும். "பூனை குட்டியைக் கவ்விக்கிட்டு ஏழு வீடு மாத்துமாம். அந்தப் பூனை எங்க வீட்டுக்காரர்கிட்ட பாடம் கேக்கணும்" என்று புது வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். பழைய வாடிக்கைக்காரர் என்று அவளுக்கு யாரும் சேர்ந்ததே இல்லை.

வேலை குறைந்து போனதால் மாறுகிறோம் என்றுதான் அவர் வீட்டில் சொல்வது. உண்மையான காரணம் சுவிட்சு.

புது வீட்டுக்குப் போன உடனே அவருக்கு ஒரு குறையும் இருக்காது. நிலையில் தலையை இடித்துக்கொள்வார், குழாயை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வார், சந்தோஷமாக இருப்பார். விருந்தாளி மாதிரி. மாதங்கள் போகும். ஒரு நாள் வேலை முடிந்து இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்குள் நுழைவார். கண் பார்க்காமலே கை தானாகப் போய்ச் சுவிட்சைப் போட்டுவிடும். விளக்கு எரிந்ததும் அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பார். யாரோ வாசலில் வந்து நின்று, 'இது என் இடம், எழுந்திரு' என்று சொல்லப் போவதுபோல் இருக்கும். அந்த வாரத்திலேயே வண்டிக்காரரைப் பார்த்துப் பேசிவிடுவார்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதானால் முதல் ஏனோக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதல் ஏனோக்கு அவருடைய அண்ணன். மூன்று வயதில் காய்ச்சல் வந்து போய்விட்டான். அடுத்து இவர் பிறந்ததும் அப்பா அதே பெயரைத் தூக்கி வைத்தார். போன பிள்ளையின் பெயர் வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அப்பா ஒரு கிடங்கின் காவலாளி, பூட்டினால் பூட்டினதுதான். "வேதாகமத்துலயே ரெண்டு ஏனோக்கு இருக்காங்க. ஒருத்தன் காயீனோட மகன். இன்னொருத்தன் கடவுளோட நடந்துக்கிட்டே இருந்தவன், ஒரு நாள் ஆளைக் காணோம், அவரு எடுத்துக்கிட்டாரு. நம்ம மூத்தவனையும் எடுத்துக்கிட்டாரு. இவன் எனக்கு இருக்கட்டும்" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டார்.

ஆக, பிள்ளைக்கு எல்லாம் தயாராக இருந்தது. பெயர் வெட்டிய டம்ளர் இருந்தது. சட்டை மாட்ட கைக்கெட்டும் உயரத்தில் ஆணி இருந்தது. உட்கார ஒரு குட்டி முக்காலி இருந்தது. அதிலெல்லாம் பையனுக்கு வருத்தமில்லை. அம்மா கூப்பிடும்போதுதான். "ஏனோக்கு!" என்று கூப்பிடுவாள். இவன் ஓடிப்போய் நிற்பான். அவள் பார்வை ஒரு நொடி இவனைத் தாண்டி வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். அதற்குப் பிறகுதான் "தண்ணி எடுத்துட்டு வாடா" என்பாள். அவளுக்கே அது தெரியாது. பையனுக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் அடுத்தவன் பொருளைத் தொடுகிற கூச்சம் அவனுக்கு வந்துவிட்டது. கை பழகப் பழக கூச்சமும் கூடியது. மீசை முளைத்ததும் சுவர் பூசுகிற கரணை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பினவர்தான், காலில் சக்கரம் கட்டியதுபோல் இன்னும் ஓடுகிறார்.

இந்த ஊரில் மட்டும் கொஞ்சம் நிலைத்தார்கள். அதற்குப் புண்ணியம் கட்டிக்கொண்டவர் ஒரு அரைகுறை எலக்ட்ரீஷியன். இந்த வீட்டுச் சுவிட்சை அவர் கதவுக்குப் பின்னால் வைத்துத் தொலைத்திருந்தார். கதவைத் திறந்தால் சுவிட்சு மறைந்துவிடும். தினமும் ஏனோக்கின் கை வெறும் சுவரைத் தடவிவிட்டு, கதவை இழுத்து, பின்னால் புகுந்து தேடும். வீட்டுக்காரர் மாற்றித் தருகிறேன் என்றபோது "இருக்கட்டும் சார், பழகிக்கறோம்" என்று சொன்னவர் இவர்தான். மனைவிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவளுடைய தங்கை இதே ஊரில் குடியிருந்தாள். அக்காவும் தங்கையுமாகச் சேர்ந்து தைக்க ஆரம்பித்தார்கள். மகள் முதல்முறையாக ஒரே பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு தொடர்ந்து படித்தாள். அவளுக்குச் சிநேகிதிகள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேத வகுப்பில் பரிசெல்லாம் வாங்கினாள்.

அப்புறம் ஒரு சாயங்காலம் அவர் கை கதவை இழுத்தது, பின்னால் போனது, சுவிட்சைப் போட்டது. அவர் அப்போது மனைவியிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். பாதிப் பேச்சில் வாய் நின்றுவிட்டது.

சாப்பிடும்போது சொன்னார். "இங்க வேலை அவ்வளவா இல்ல. வேற ஊர்ல பேசியிருக்கேன். சனிக்கிழமை வண்டி வருது."

மனைவி தட்டைப் பார்த்தாள். மகள் அவரைப் பார்த்தாள். பதினாறு வயது, அம்மாவின் நாக்கும் அவருடைய பிடிவாதமும் ஒன்றாகச் சேர்ந்தவள்.

"நான் வரல."

"வராம?"

"சித்தி வீட்டுல இருந்து படிக்கிறேன். நீங்களும் அம்மாவும் போங்க."

"ஏய், என்ன பேசற?"

"ஒவ்வொரு தடவையும் ஒண்ணுமே சொல்லாம வண்டியில ஏறியிருக்கேன்ப்பா. இந்தத் தடவை ஏற மாட்டேன். ஏத்தினாலும் இறங்கிடுவேன்."

சின்னப் பிள்ளை, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள், பிறகு சரியாகிவிடுவாள் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அவள் சொன்னதைச் செய்வாள் என்பது அவருக்குத் தெரியும். வண்டி கிளம்பினால் ஒரு வீடு இரண்டாகிவிடும். கிளம்பாவிட்டால் அந்தச் சுவிட்சு. வெள்ளிக்கிழமை முழுக்கச் சாரத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். ஒரு சுவரில் பாதியை அப்படியே விட்டுவிட்டு, கரணையையும் எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார். எப்போதும்போல நாளைக்கு வண்டி போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

சனிக்கிழமை காலை வண்டி வந்தது. கட்டில் ஏறியது, பீரோ ஏறியது, பாத்திர மூட்டை ஏறியது. வண்டிக்காரர் கயிறு போட்டுக்கொண்டே, "பாப்பா முன்னாடி உக்காருதா, பின்னாடியா?" என்று கேட்டார். அப்போதுதான் தேடினார்கள். மகளைக் காணோம்.

"எங்க போனா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி. "சொல்லாம கொள்ளாம போறது யாரு கத்துக் கொடுத்த வித்தை?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

கொழுந்தியாள் வீட்டில்தான் இருப்பாள் என்று நினைத்தார். அங்கே கதவைத் திறந்தவளின் முகமே சொல்லிவிட்டது. "இங்க வரலையே மாமா! பையெல்லாம் நேத்தே கொண்டு வந்து வச்சுட்டா. ஆள் வரல." அவளும் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினாள். அவர் பள்ளிக்கூடத் தெருவுக்கு ஓடினார்.

சனிக்கிழமையானதால் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அந்தத் தெருவில் அவரை யாருக்கும் தெரியாது; மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தும் அவர் யாரிடமும் நின்று பேசியதில்லை. மகளின் அடையாளம் சொல்லிக் கேட்டார். உயரமாக, ஒற்றைப் பின்னல், நெற்றியில் ஒரு தழும்பு.

ஜெராக்ஸ் கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம ஏனோக்கு ஊர்ப் பொண்ணா? நீங்க அவங்க அப்பாவா? ஊர்ல இருந்து எப்ப வந்தீங்க?"

"எந்த ஊர்ல இருந்து?"

"ஏனோக்குல இருந்துதான். ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன், அந்த ஊரு எந்தப் பக்கம்ங்க? அந்தப் பாப்பாகிட்ட கேட்டா, 'அது இடம் மாறிக்கிட்டே இருக்கும்ண்ணா, இப்போதைக்கு இங்கதான் இருக்கு'ன்னு சொல்லிட்டுச் சிரிக்குது. ஒண்ணும் புரியல."

அவருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஊர் முழுக்கத் தன் பெயரைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். வாத்தியார் வைத்த பெயர் போதாதென்று பெற்ற மகளும் ஒன்று வைத்திருக்கிறாள். கோபமும் பயமும் ஒன்றையொன்று முந்தின. இன்றைக்குக் காலையில் அவள் இந்தப் பக்கம் வரவில்லை என்றார் கடைக்காரர். வேத வகுப்பு டீச்சரம்மா வீட்டில் கேட்டுப் பாருங்கள் என்று வழி காட்டினார்.

டீச்சரம்மா மாடிப்படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை என்றார். ஏனோக்கு போகத் திரும்பினார், கால் நகரவில்லை.

"டீச்சர், என் பேரை ஏன் அவ ஊரு ஊருன்னு சொல்றா? கிண்டலா?"

டீச்சரம்மா கொஞ்சம் யோசித்தார். "ஓ, உங்க பேரா அது? என்கிட்ட அவ அதைச் சொல்லவே இல்லையே. ஒரு நாள் வகுப்புல ஏனோக்கு யாருன்னு கேட்டேன். எல்லாரும் காயீன் மகன், கடவுளோட நடந்தவர்னு ரெண்டு பேரைச் சொன்னாங்க. உங்க பொண்ணு எழுந்திருச்சு, 'ஊரு டீச்சர்'னு சொன்னா. வகுப்பே சிரிச்சுது. அவ சொன்னது சரிதாங்க. தம்பியைக் கொன்னதுக்காக, காயீன் ஒரு இடத்துல நிலையா இருக்க முடியாம அலையணும்னு சாபம் வாங்கினவன் இல்லையா? அவனுக்கு மகன் பிறந்ததும் ஒரு பட்டணத்தைக் கட்டி, மகன் பேரையே அதுக்கும் வச்சான். முதல் பட்டணமே அதுதான்."

அப்பா இரண்டு ஏனோக்கைப் பற்றிச் சொன்னார். மூன்றாவதைப் பற்றிச் சொல்லவே இல்லை.

"கட்டினதுக்கு அப்புறம் அவன் அலையறதை நிறுத்தினானா டீச்சர்?"

"அது எழுதலைங்க. கட்டினான்னு மட்டும்தான் இருக்கு."

தெருவில் வெயில் ஏறிவிட்டது. பேருந்து நிலையத்துக்கு ஓடுவதா, போலீசுக்குப் போவதா என்று தெரியாமல் நாலு தெரு கூடுகிற இடத்தில் நின்றார். எவனோ ஒருத்தன் தேடிவரப் போகிறான் என்று வாழ்நாள் முழுக்கப் பயந்தவர், இப்போது தானே தேடிக்கொண்டு நிற்கிறார். நானாக இருந்தால் எங்கே போவேன் என்று யோசித்தார். உடனே தெரிந்துவிட்டது. ஊரைவிட்டுக் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் அவர் கடைசியாகப் போகிற இடம் ஒன்றுதான். கரணையை எடுக்கப் போகிற இடம்.

கட்டட வாசலில் மேஸ்திரி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். "யோவ் ஏனோதானோ! உன் பொண்ணு விடிஞ்சதும் வந்துடுச்சு. உன்னை மாதிரி இல்லய்யா, 'மேல போறேன் மாமா'ன்னு சொல்லிட்டுத்தான் போச்சு."

இரண்டிரண்டு படியாக ஏறினார். மேல் மாடியில், அவர் பாதியில் விட்ட சுவருக்கு எதிரே, மகள் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் கரணை.

அடிக்கலாம் என்றுதான் வந்தார். அவளைப் பார்த்ததும் அப்படியே சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"இது இல்லாம நீங்க போக மாட்டீங்கன்னு தெரியும்" என்றாள் மகள், கரணையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"எங்கெல்லாம் தேடினேன்... உங்க அம்மா அங்க அழுதுக்கிட்டு நிக்கிறா. இதுல ஊர்ல இருக்கறவன் எல்லாம் என்கிட்டயே ஏனோக்கு எந்தப் பக்கம்னு கேக்கறான். என்னை வச்சு விளையாடறியா?"

"விளையாடல." அவள் குரல் உடைந்தது. "எந்த ஊருன்னு எல்லாரும் கேக்கறாங்கப்பா. நான் என்ன சொல்லட்டும்? பிறந்த ஊரு ஞாபகம் இல்ல. முன்னாடி படிச்ச ஊர்ல ஒரு சிநேகிதி பேரு ஞாபகம் இல்ல. எல்லா ஊர்லயும் இருந்தது நீங்களும் அம்மாவும்தான். அம்மா பேருல ஊரு கிடையாது. உங்க பேருல இருந்துச்சு, சொன்னேன்."

கீழே கலவை இயந்திரம் ஓட ஆரம்பித்தது.

"அது என் பேரு இல்லம்மா" என்றார் அவர்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன், காய்ச்சல், டம்ளர், ஆணி, அம்மாவின் கண் வாசலுக்குப் போய்த் திரும்புவது, சுவிட்சு. கோர்வையாக வரவில்லை. சுவிட்சை முதலில் சொல்லி, டம்ளருக்குப் போய், மறுபடி சுவிட்சுக்கு வந்தார். கதவுக்குப் பின்னால் இருந்த சுவிட்சைப் பற்றிச் சொன்னபோது மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"எங்க போனாலும், கொஞ்ச நாள்ல அவன் வந்து எழுந்திரிடான்னு சொல்லுவான்னு தோணிடுது. அவன் இடத்துல நான் உக்காந்திருக்கேன். வேற ஒண்ணும் இல்ல."

மகள் கரணையின் பிடியைத் தேய்த்தாள்.

"பெரியப்பாவுக்கு எத்தனை வயசுன்னு சொன்னீங்க?"

அவருக்கு முதலில் யாரைச் சொல்கிறாள் என்று புரியவில்லை. அந்தப் பிள்ளையை இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவன் அம்மாவுக்கு மூத்த பிள்ளை, அப்பாவுக்குக் கடவுள் எடுத்துக்கொண்டவன், இவருக்கு வெறும் 'அவன்'.

"மூணு."

"மூணு வயசுப் பெரியப்பா" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். "அவரு சின்னப் புள்ளைப்பா. அவரு வந்து உங்களை எழுந்திரின்னு விரட்டுவாரா? வந்தா உங்க மடியிலதான் உக்காருவாரு."

ஏனோக்கு அழுதார். ஐம்பதை நெருங்குகிற மனிதர், சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்து, முகத்தில் இருந்த தூசியெல்லாம் கோடு கோடாகக் கரையும்படி அழுதார். அவருடைய மனதில் அவன் கூடவே வளர்ந்து, மீசை வைத்து, கோபக்காரனாகி வாசலில் நின்றுகொண்டிருந்தான். முக்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை என்று ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை.

மகள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கரணையை அவர் கையில் வைத்தாள்.

"இப்ப போகணும்னா போங்கப்பா. நான் ஒளிச்சு வைக்கல."

அவர் பாதிச் சுவரைப் பார்த்தார். நேற்றுப் பூசிய விளிம்பு காய்ந்து இறுகியிருந்தது. "ஓரத்தைக் கொத்தித்தான் சேர்க்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். படி இறங்கும்போது மேஸ்திரியிடம், "திங்கக்கிழமை வந்து முடிச்சுடறேன்" என்றார். மேஸ்திரியின் பீடி வாயிலேயே அணைந்துவிட்டது. மூன்றே வார்த்தைதான். ஆனால் ஏனோதானோ வேலை இடத்தில் சொல்லிவிட்டுப் போனதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

வீட்டு வாசலில் மனைவி மகளை முதுகில் இரண்டு அடி போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டாள். வண்டிக்காரருக்குப் பொறுமை எல்லை தாண்டியிருந்தது. "கடைசியா என்னதாங்க முடிவு? எந்த ஊருக்கு விடறது வண்டியை?"

"இறக்கிடுங்க" என்றார் ஏனோக்கு.

"ஏத்தி முடிச்சு கயிறும் கட்டியாச்சே!"

"அவுத்துடுங்கண்ணே. இறக்கு கூலி தனியா தந்துடறேன்."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனாள். "முதல்ல மிஷினை இறக்குங்க. ஏனோதானோன்னு தூக்காதீங்க, கால் ஒடஞ்சுடும்."

இறக்கி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. கடைசிப் பாத்திர மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் இருண்டிருந்த வீட்டுக்குள் வந்தார். இடது கை கதவை இழுத்தது, பின்னால் போனது, சுவிட்சைப் போட்டது. விளக்கு எரிந்தது.

வழக்கம்போல வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியில் கொஞ்சம் இடம் இருந்தது. பயம் போகவில்லை. அவரும் போகவில்லை.